கேமரா பெரிதாய்த் தெரிய வேண்டும்

"படம் விழாட்டியும் பரவால்லீங்க தம்பி. கேமரா மட்டும் பெருசாத் தெரியோணும்!"

நியாயம் அறிந்தவர்களே, இராசிபுரம் பேருந்து நிலையத்தருகே நடந்த இந்தப் பேச்சைச் சற்றே நின்று கேளுங்கள். ஓர் அநீதிக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும். எது அநீதி என்பதை முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

கேமரா பழுதுபார்க்கும் குமரகுரு தலைநிமிர்ந்தான். எதிரே நின்றவள் மலர்விழி. நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியில் கூலி வேலை செய்பவள். நகக்கண்களில் மஞ்சள் ஏறியிருந்தது. நெற்றி வெறுமையாய் இருந்தது. கையில், யாரோ கழித்துவிட்ட பழைய டிஜிட்டல் கேமரா.

"இது போட்டோ எடுக்கற கேமராங்க்கா. வீடியோ கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும். பேட்டரியும் செத்துப் போச்சு. இதைப் போயி எதுக்கு வாங்குனீங்க?"

"வர்ற வெள்ளிக்கெழம ஒரு கல்யாணத்த வீடியோ எடுக்கோணுமுங்க."

"அட! என் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்துட்டீங்களா?"

சிரித்துக்கொண்டே வேலையில் இறங்கினான். பேட்டரி இருந்த இடத்தில் வயர் கொடுத்துப் பவர் பேங்கோடு இணைத்தான். தோளில் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்றைப் பொருத்தினான். அதன்மேல் ஒரு விளக்கு, பஞ்சு சுற்றிய ஒரு மைக். உள்ளங்கையில் அடங்கிய பொருள் கல்யாணக் கேமராவாக நிமிர்ந்தது.

"மைக்கு எதுக்குங்க?"

"சத்தமில்லாத கல்யாணமாங்க்கா? இருக்கட்டும். ஜூம் லென்சும் ஒண்ணு மாட்டித் தரட்டுங்களா? பந்தல்ல ஒக்காந்துக்கிட்டே எடுக்கலாம்."

"ஐயோ, அது வேண்டாமுங்க! தூரத்துல நின்னு பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு." பிறகு தயங்கியபடி கேட்டாள்: "ஏனுங்க தம்பி, கேமராவோட போனா மணவறை மேல ஏறலாமுங்களா? யாரும் எறங்கச் சொல்ல மாட்டாங்களே?"

"கேமராக்காரனுக்கு ஏதுங்க்கா தடை? மாப்பிள்ளைக்கும் ஐயருக்கும் நடுவுல பூந்து நின்னாலும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. எங்களுக்குச் சாதியும் பாக்க மாட்டாங்க, சகுனமும் பாக்க மாட்டாங்க!"

விளையாட்டாகச் சொன்ன குமரகுருவை, பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் அவனுக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை, கேமராவைக் கொண்டுவந்து அவன் மேசைமேல் வைத்தாள்.

"வேலை முடிஞ்சுதுங்க தம்பி. யாராச்சும் கேட்டாக் குடுத்துருங்க."

குமரகுரு ஆவலோடு பதிவை ஓடவிட்டான். திரை முழுதும் இருட்டு.

"நாசமாப் போச்சு! லென்ஸ் மூடியக் கழட்டவே இல்லீங்களேக்கா!"

"அப்படீங்களா?" அவள் முகத்தில் துளி வருத்தமில்லை. "நான் கண்ணால பாத்துட்டனுங்க. அது போதும்."

இருட்டுக்குள் நாதசுரம் இழைந்தது. அதைக் கிழித்துக்கொண்டு, மைக்குக்கு வெகு அருகில், ஒரு பெரியவரின் அதட்டல் ஒலித்தது:

"இந்தா மலரு, கேமராக்காரியா நிக்கறதுன்னா நில்லு. பொண்ணைப் பெத்தவன்னு சொல்லிக்கிட்டு நின்னுராதே, தாலியறுத்தவ நீ!"

கேட்டீர்களல்லவா? இனி உங்கள் வீட்டு முகூர்த்தத்தில், கெட்டிமேளம் கொட்டுமுன், ஒதுங்கி நிற்கும் அந்தத் தாயைத் தேடிப் பிடித்து, வெறுங்கையோடு மணவறைக்கு அழைத்து வந்து நிறுத்துங்கள்!