நாற்பத்தொரு கிலோமீட்டர்

"வெளிநாட்டுல ஒரு வருஷமாவது நீங்க உபயோகிச்ச காரைத்தான் உள்ளே விடுவோம். மீட்டர் நாற்பத்தொரு கிலோமீட்டர்தான் காட்டுது. யார் காதுல பூ சுத்தறீங்க?" சுங்க அதிகாரி சாவியை மேஜைமேல் போட்டார்.

"வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு சார். பில்லைப் பாருங்க."

"பில்லு யார் வேணும்னாலும் அடிச்சுக்கலாம். ஓட்டாம வச்சு அழகு பார்த்தீங்களாக்கும்?"

கார் சொந்தக்காரர் தலைகுனிந்தார். மனைவி அவர் கையைக் கிள்ளினாள். "வாயைத் திறந்து சொல்லுங்களேன். காரைத் திருப்பி அனுப்பிடப் போறாங்க."

"கடையிலேருந்து ரூமுக்குப் பன்னெண்டு, ரூம்லேருந்து துறைமுகத்துக்கு இருபத்தொன்பது. ஓட்டினது அவ்வளவுதான் சார்."

அதிகாரி எழுந்து போய்க் கார்க் கதவுகளைத் திறந்தார். முன் இருக்கைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பின் இருக்கை மட்டும் ஒரு பக்கம் தேய்ந்து, பள்ளம் விழுந்திருந்தது.

"என்னய்யா இது?"

"அங்கே ஒரு முதலாளிக்கு டிரைவர் சார் நான். பதினெட்டு வருஷமா முன் சீட்டு. லீவு நாள்ல மட்டும் என் கார்ல பின்னாடி உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்."

அதிகாரி மேஜைக்குத் திரும்பி முத்திரை குத்தினார். "இந்தப் பள்ளம் ஒரு நாள்ல விழாது."

போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கிய மனைவி, சாவியைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க முதலாளி!"