வீடு உள்ளவர்கள் முதலில்

"உனக்கு ஊர்ல வீடு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு மணிமாறன்."

தன்யா கேட்டபோது அவன் கட்டில் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. கௌஸ் முகைதீன் தன் செலவில் எடுத்து வைத்திருக்கும் ஒற்றை அறை அது. ஏஜென்ட்டை நம்பி விசிட் விசாவில் வந்து, வேலையும் கிடைக்காமல், படுக்க இடமும் இல்லாமல் பூங்காவில் கிடக்கும் தமிழ்ப் பையன்களுக்காக அங்கே ஆறு கட்டில்கள் போட்டிருந்தார். பையன்கள்தான் எப்போதும் ஆறுக்கு மேல்.

அதனால் தன்யா ஒரு விதி கொண்டுவந்திருந்தாள். வங்கியில் வேலை பார்ப்பவள்; விடுமுறை நாட்களில் உதவிக்கு வருவாள். ஊரில் வீடு உள்ளவர்களுக்கு டிக்கெட் எடுத்து முதலில் அனுப்பிவிட வேண்டும். போக்கிடம் இல்லாதவர்களுக்கே கட்டில்.

"வீடு இருக்கு மேடம்" என்றான் மணிமாறன். "தளம் போட்ட வீடு. அப்பா கட்டுனது." அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முதுகு நிமிர்ந்தது.

"அப்புறம் என்ன? வெளியில படிக்கட்டுல ஒருத்தன் உட்கார்ந்திருக்கான், பார்த்தியா? சரவணகுமார். அவனுக்கு அப்பா, அம்மா யாரும் இல்ல. ஊருக்குப் போனாலும் ரோடுதான். உன் கட்டில் காலியானாதான் அவனுக்கு இடம்."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கறனே மேடம். ஒரு ஓட்டல்ல கிச்சன் ஹெல்பர் வேலை சொல்லியிருக்காங்க."

"விசா முடிஞ்சவனுக்கு யாருப்பா வேலை குடுப்பா?"

"வெறுங்கையோட போய் நின்னா தெருவே சிரிக்கும் மேடம். அம்மா நகையெல்லாம் வித்துத்தான் என்னை அனுப்புச்சு."

"சிரிச்சுட்டுப் போறானுவ தம்பி" என்றார் வாசலில் நின்ற கௌஸ் முகைதீன். "சிரிச்சு முடிச்சா அவனவன் வீட்டுக்குப் போயிருவான். நீ உன் வீட்டுக்குள்ள போய்ப் படுத்துக்க."

"அம்மாகிட்ட நான் பேசுறேன். வீடியோ கால் போடு" என்றாள் தன்யா. வீடு இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, அவள் பார்த்தாக வேண்டும். அதுவும் விதிதான்.

அவன் அம்மா பூவாயிக்குப் பெரிய போன் கிடையாது. பக்கத்து வீட்டுத் தாமரையின் போனுக்குச் செய்தி அனுப்பினான். கௌஸ் முகைதீனின் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டில்கள் தெரியாதபடி சுவரோரமாக உட்கார்ந்தான். அந்த அறையில் எல்லாரும் வீட்டோடு பேசுவது அந்தச் சுவரில் சாய்ந்துதான்.

"இது கம்பெனி ரூமுல்ல மாப்ளே! ஏசி தெரியற மாதிரி உக்காரு" என்று மேல்கட்டிலில் இருந்து ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

போன் அடித்தது.

"சாமி! சாப்டியாடா?"

"சாப்ட்டம்மா. பிரியாணி."

"எளச்சாப்ல தெரியறியே?"

"ஜிம்முக்குப் போறம்மா."

பூவாயி ஒரு பச்சைச் சுவரின் முன்னால் நின்றிருந்தாள்.

"என்னம்மா, நம்ம சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சிருக்க?"

"தாமரை வீட்டுக்காரருதான்டா அடிச்சாரு. நல்லாருக்கா?"

"நல்லாருக்கு. ஏன் நின்னுக்கிட்டே பேசற? உக்காரு."

"இருக்கட்டும். உன் ரூமு பெருசாடா? எனக்கும் ஒரு மூலையில எடம் கெடைக்குமா?" என்று சிரித்தாள்.

அவனும் சிரித்தான். தன்யா போனை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, உங்க பையனுக்கு இங்க வேலை அமையல. ஊருக்கு அனுப்பலாம்னு இருக்கோம். வீட்டைக் கொஞ்சம் சுத்திக் காட்டுறீங்களா?"

போன் மெல்லச் சுழன்றது. மின்விசிறி, பீரோ, ஜன்னல். ஒரு குழந்தை குறுக்கே ஓடியது.

"தாமரை புள்ள. இங்கதான் வெளையாடும்" என்றாள் பூவாயி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்பவே வரணுமாம்மா? ஒரு வருசம் அங்கயே இருக்கட்டுமே. இங்க வந்து என்னா பண்ணுவான்?" என்றாள்.

தன்யா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "பார்த்தீங்களா பாய்? பையன் எப்படிக் கிடந்தாலும் பரவாயில்ல, வெளிநாட்டுலயே இருக்கணும். பெத்தவங்களே இப்படி!"

கௌஸ் முகைதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

மணிமாறன் போனைத் திரும்ப வாங்கினான். "என்னால முடியலம்மா" என்றான். "எனக்கு ரூமெல்லாம் ஒண்ணும் இல்ல. பார்க்லதான் கெடந்தேன். வந்துடறம்மா. நம்ம வீட்ல படுத்துத் தூங்குனாப் போதும்."

பூவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்துடு சாமி" என்றாள். "வீடு எங்க போயிடப் போவுது?"

"நாட்டை விட்டுப் போக அவுட் பாஸ் கிடைச்சதும் டிக்கெட் போட்டுடலாம் பாய்" என்றாள் தன்யா. கௌஸ் முகைதீன் படிக்கட்டைப் பார்த்து, "யல்லா தம்பி, உள்ள வா. இவன் கிளம்புனதும் இந்தக் கட்டில் உனக்குத்தான்" என்று சரவணகுமாரைக் கூப்பிட்டார்.

பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்தில், பூவாயி போனைத் தாமரையிடம் நீட்டினாள்.

"இந்த வீட்ட உங்களுக்கு வித்துத்தான் அவன அனுப்புனன்னு அவனுக்குத் தெரியாது. நான் கோயில் மண்டபத்துல படுக்கறதும் தெரியாது" என்றாள். "அவன் வர்ற அன்னிக்கி, ஒரே ஒரு ராத்திரி மட்டும் எங்க ரெண்டு பேரையும் இங்க படுக்க விடறியா தாயி?"