ஓட்ஸ் தண்ணீர்

கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடுகிறவர்களுக்கு மேலிருந்து கயிற்றில் கட்டிய வாளியில் ஓட்ஸ் தண்ணீர் இறக்குவது அந்த நாசகாரிக் கப்பலில் வழக்கம். குடித்து முடித்ததும் கீழே இருப்பவன் கயிற்றை இரண்டு முறை இழுப்பான். இறக்குவது ஜெத்ரோ பாஸ்கோவின் வேலை. கீழே இழுப்பவன் பெரும்பாலும் அவன் தம்பி சைலஸ்.

வட கடலில் குண்டு பட்டுக் கடல் உள்ளே புகுந்தபோது, கப்பலைக் காப்பாற்ற அந்த அறையின் மூடியைத் திருகி அடைத்தவனும் ஜெத்ரோதான். மேலிடத்து உத்தரவு. உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள்.

கப்பல் ரோசைத் துறைமுகம் வந்து சேர்ந்ததும் அறையிலிருந்த தண்ணீரை இறைத்து, உடல்களை எடுத்துப் புதைத்தாயிற்று. சைலஸை ஜெத்ரோவே தோளில் தூக்கி வந்தான். மறுநாள் காலை, காலியான அந்த அறைக்குள் கைப்பழக்கத்தில் ஓட்ஸ் தண்ணீர் வாளியை இறக்கிவிட்டான்.

"யாருக்குடா தண்ணி? எலிக்கா?" என்று சிரித்தார் மேஸ்திரி ட்ரெகியர்.

"கை தானாப் போயிடுச்சுண்ணே."

கயிறு இரண்டு முறை இழுபட்டது.

ஜெத்ரோ வாளியைத் தூக்கினான். உள்ளே ஒன்றுமில்லை. விளிம்பில் ஈரமான கரி விரல் தடங்கள்.

"வாளி ஓட்டையா இருக்கும்டா" என்றார் ட்ரெகியர். தானே தண்ணீர் நிரப்பி ஆணியில் மாட்டினார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

"தம்பி உள்ளேருந்து கத்தினது எனக்குக் கேட்டுச்சுண்ணே. திருகிக்கிட்டேதான் இருந்தேன்."

ட்ரெகியர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இறக்குடா. ஒன்பது பேரு. ஒரு வாளி எங்க பத்தும்?"