கணக்குக்கு வராத நட்சத்திரம்

“நம்ம நட்சத்திரம் இன்னிக்கு எப்பிடிக் கீது மரியம்?”

“மங்கிப் போய்க் கீதுங்க. பக்கத்துல கீற பெருசு தெரியுது. நம்முது கண்ணுக்கே அம்புடல.”

அப்துல் வஹாப் தலையில் கைவைத்துக்கொண்டார். ராயபுரத்து மொட்டை மாடியில் அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் தினமும் இதே கூத்துதான். பட்டறையில் கொதிகலன் வெடித்து அவருடைய பார்வை போனதிலிருந்து, பழைய கப்பல் சாமான் கடையில் வாங்கிய தொலைநோக்கிக்கு மனைவியின் கண்தான் கண்.

பார்வை இருந்தபோது அந்த நட்சத்திரம் மங்குவதை அவரே இரண்டொரு முறை பார்த்திருந்தார். அது ஒன்றல்ல, ஒட்டிச் சுற்றும் ஜோடி, ஒன்று மற்றதை மறைப்பதால்தான் மங்குகிறது என்பது அவர் கட்சி. மங்குவதில் ஓர் ஒழுங்கைக் காட்டினால் நம்புவதாகக் காலேஜ் புரொபசர் ஒருவர் சொல்லியிருந்தார். இருட்டில் கிடந்த மனிதருக்கு அது ஒன்றே பிடிமானம்.

அந்த ஒழுங்குதான் அகப்படவில்லை. நாள்கணக்கில் பளிச்சென்று இருக்கும்; திடீரென்று ஒருநாள் மங்கும். என்ன கணக்குப் போட்டும் பிடிபடாமல் அவருக்கு மனம் விட்டுப்போயிருந்தது. மரியம் சரியாகப் பார்ப்பதில்லை என்று எரிந்து விழுந்தார். இன்று பகலெல்லாம் எங்கே போயிருந்தாய் என்றும் கேட்டார். மீன் வாங்க என்றாள். வீட்டில் மீன் வாசமே இல்லை.

“வுட்டுடுங்க. இல்லாத ஜோடியத் தேடிக்கினு எதுக்கு இந்தப் பேஜாரு?”

“கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?”

மரியம் மறுபடி தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். யுத்தத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு ரங்கூன் போன மகன் உசேன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. அவன் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தவரும் இதே வஹாப்தான்.

துறைமுகத்தில் கப்பல் சங்கு நீளமாக ஊதியது. போன தடவை நட்சத்திரம் மங்கிய அன்றும் இதே சங்கு கேட்டது அவருக்கு நினைவு வந்தது. அதற்கு முந்தைய தடவையும்தான்.

“அது எந்தக் கப்பல்?”

“ரங்கூன் கப்பலுங்க. காலையில வந்துச்சு.”

தொலைநோக்கிக் கண்ணாடியில் பனி படிந்திருக்கிறதோ என்று அவர் கைநீட்டித் தடவினார். கண் வைக்கும் விளிம்பு நனைந்திருந்தது. பனியாக இருந்தால் சில்லென்று இருந்திருக்கும், இது சுட்டது.

“இந்தக் கப்பல்லயும் அவன் வரலீங்க,” என்றாள் மரியம்.