டிரசர் கொடுத்த விளக்கெண்ணெய்

"என்ன நோவு மாப்புள?"

ஆஸ்பத்திரிக் கொட்டகை வரிசையில் பின்னால் நின்ற சன்னாசி கேட்டதும் உடையப்பனுக்கு வியர்த்துவிட்டது. வேறு யாராவது என்றால் சமாளித்திருப்பான். தை மாதம் பெண் கொடுக்கப்போகிறவர் அல்லவா கேட்கிறார்!

"ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான்."

"ரப்பர் பால் வெட்டுறத விட்டுட்டு யாராச்சும் சும்மா வருவாங்களா?"

சன்னாசி தன் மூத்த மகளை ஒருவனுக்கு, அவன் நோயாளி என்று தெரியாமல் கட்டிவைத்து, ஆறே மாதத்தில் தாலி அறுத்துக் கூட்டிவந்தவர். நோவு என்று காதில் விழுந்தாலே நிச்சயத்தை முறித்துவிடுவார்.

உள்ளே தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் டிரசர் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர். மலாயாவின் சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரையிடம்கூட ஆட்களுக்கு இவ்வளவு பயம் கிடையாது. வேலைக்கு மட்டம் போட வந்தவன் என்று தெரிந்தால், எல்லார் முன்னாலும் நிறுத்தி ஒரு குவளை விளக்கெண்ணெய் குடிக்கவைப்பார்.

உடையப்பன் கதவைச் சாத்திவிட்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னான். முன்தோல் இறுக்கம். இந்த வயது வரைக்கும் பின்னால் வந்ததில்லை.

"வெட்டினாத்தான் கல்யாணத்துக்கு ஆவேன்னு கூட்டாளி ஐயாவு சொல்றான். வெட்டினா, மதம் மாறிட்டான்னு பொண்ணு தரமாட்டாங்க. நான் என்னங்க செய்வேன்?"

டிரசர் சிரிக்கவில்லை. பொறுமையாகப் பார்த்தார்.

"நோகுதோ?"

"இல்லீங்க ஐயா."

"சிறுநீர் தடையில்லாமப் போகுதோ? வீக்கம், புண்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பிறகென்ன? நோகாத இடத்தில கத்திக்கு என்ன வேலை? தினம் தண்ணியில கழுவு. பலவந்தமா இழுக்காதே. நோவோ வீக்கமோ வந்தா, கலியாணத்துக்குப் பிறகெண்டாலும், நேரா என்னட்ட வா. அப்ப பாப்பம். ஐயாவுவை ரப்பர் மரத்தை மட்டும் வெட்டச் சொல்லு!"

உடையப்பன் ஆறு மாதமாக மனதில் சுமந்த பாரம் இறங்கிவிட்டது. காலில் விழப்போனவனை டிரசர் தடுத்தார்.

"வெளிய மாமனார் நிக்கிறாருங்க. என்ன நோவுன்னு கேட்டா..."

டிரசர் அலமாரிப் பக்கம் போய் ஒரு குவளையோடு வந்தார். மறு கையால் உடையப்பனைத் தரதரவென்று வெளியே இழுத்துவந்தார்.

"பாருங்கோ! கல்லு மாதிரி உடம்பு. ஒரு நோவும் இல்லை. வயித்துவலியெண்டு பொய் சொல்லி மட்டம் போட வந்திருக்கிறான்! குடியடா விளக்கெண்ணெய்!"

வரிசையே கொல்லென்று சிரித்தது. உடையப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த மனுசன் காலிலா விழப்போனோம் என்று ஆத்திரம் பொங்கியது.

சன்னாசிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"அட, இவ்வளவுதானா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்லா. தையில மாலை விழட்டும், எம்மவ இருளாயி உன் சோம்பலை ஓட்டிடுவா. குடி மாப்புள, குடி!"

உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தான். திடுக்கிட்டு டிரசரை நிமிர்ந்து பார்த்தான். அவர் அதே முறைப்போடு நின்றார்.

நன்றியில் நிறைந்த கண்ணை மறைக்க, விளக்கெண்ணெய் குடிக்கிறவனைப் போலவே முகத்தைச் சுளித்துக்கொண்டு, அந்தச் சீனித் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தான்.