காம்பிங் காருக்குக் காவல் பெட்டி

கரிகாலன் விற்ற பெட்டிக்குள் ஒரு பச்சை விளக்கு, ஒரு பேட்டரி, கனமாக இருப்பதற்காக இரண்டு பிடி மணல். வேறு ஒன்றும் கிடையாது. மேலே மட்டும் "மின் பாதுகாப்பு" என்று பிரெஞ்சில் பளபளவென்று ஒரு தாள் ஒட்டியிருந்தான்.

காம்பிங் கார் வைத்திருப்பவர்களைத்தான் அவன் குறிவைத்தான். படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ் என்று ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்குக் கரண்ட் என்றால் உள்ளூர ஒரு பயம் உண்டு. அதைக் கொஞ்சம் ஊதிவிட்டால் போதும். அந்த வண்டிகளைத் திருத்தும் கராஜ் ஒன்றில் நான்கு வருடம் வேலை பார்த்தவனுக்கு எங்கே ஊத வேண்டும் என்பது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாரிஸில் தமிழர் கடைத்தெருவான லாச்சப்பலில், மரக்கறி விற்கும் இடங்களில் கால் வைக்க இடமில்லை. பக்கத்துத் தெருவில் வெள்ளை வெளேரென்று ஒரு காம்பிங் கார் நின்றது. அதன் பின்பக்கத்தில் புத்தம் புதிய மின்சாரச் சைக்கிள் ஒன்று மாட்டியிருந்தது. மணல் பெட்டிகளைத் தோளில் சுமந்துகொண்டு புறநகரான சார்செல்லிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்தவனுக்கு, வண்டியைவிடச் சைக்கிள்தான் முதலில் கண்ணில் பட்டது.

கதவைத் தட்டினான். சற்றுத் தாமதமாகத் திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், நெற்றி நிறைய வியர்வை, கையில் ஸ்குரூ டிரைவர்.

"வணக்கம் ஐயா. காம்பிங் காருக்குக் கரண்ட் பாதுகாப்புச் செய்து குடுக்கிறனான்."

"அட, நல்ல நேரத்துல வந்தீங்க தம்பி!" அவர் முகம் மலர்ந்தது. "உள்ள வாங்க. ஒரு லைட்டும் எரியல, வண்டியும் ஸ்டார்ட் ஆகல. நேத்துதான் மருமகப்பிள்ளை வாங்கிக் கொடுத்தாரு. எனக்கு ஒரு மண்ணும் புரியல."

பெயர் கபிரியேல் என்றார். புதுச்சேரிக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காப்பி கொடுக்கலாமென்று நான்கு அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு, கோப்பை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அசடு வழியச் சிரித்தார்.

இப்படி ஒன்றும் தெரியாத மனிதர் மாதத்துக்கு ஒருவர் கிடைத்தால் போதுமே என்று கரிகாலன் நினைத்துக்கொண்டான். முதலில் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். கம்பளத்துக்குக் கீழே மறைவாக ஒரு சுவிட்ச் இருந்தது. திருப்பினான். உள்ளே எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன.

"ஆரோ மெயினை நிப்பாட்டி வைச்சிருக்கினம் ஐயா."

"அப்ப வண்டியும் கிளம்புமா?"

"பிளேன் மாதிரிக் கிளம்பும்."

கபிரியேல் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். இதுதான் சமயமென்று கரிகாலன் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது தேவையா தம்பி? பிரான்ஸ்ல கரண்ட் ஒழுங்காத்தானே வருது?"

"வீட்டிலை ஒழுங்குதான் ஐயா. ஓகஸ்ட்டிலை தெற்குப் பக்கம் ஒரு காம்பிங்கிலை போய் நிண்டு பாருங்கோ. நாப்பது பேர் ஒரே நேரத்திலை ஏசி போடுவினம். இருநூற்றி முப்பது வோல்ட் வரவேண்டிய இடத்திலை நூற்றித் தொண்ணூறுதான் வரும். உங்கடை ஏசி திணறித் திணறிச் செத்துப்போகும். இடி மின்னல் வந்தால் மற்றப் பக்கம். ஒரேயடியாய் எகிறி, பிரிட்ஜ், டிவி எல்லாம் புகைதான்."

சொன்னது அத்தனையும் உண்மை. பெட்டிதான் பொய்.

"இந்தப் பெட்டி என்ன செய்யும்?"

"கூடினாலும் குறைஞ்சாலும் கரண்டை இதுவே வெட்டிவிடும். பச்சை எரியுதெண்டால் நீங்கள் நிம்மதியாய் நித்திரை கொள்ளலாம்."

கபிரியேல் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவசரமா கிளம்பணும் தம்பி. சரி, ஒண்ணு மாட்டிடுங்க. ஆனா பர்ஸை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேனே!"

கரிகாலனின் வாய் அவனைக் கேட்காமலே பேசியது. "அதுக்கென்ன ஐயா. பின்னாலை நிக்கிற சைக்கிளைத் தாங்கோவன்."

கேட்டபிறகு அவனுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தாராளமா எடுத்துக்கோங்க. இந்த வயசுல நான் சைக்கிளா ஓட்டப்போறேன்?"

இப்படியும் ஓர் அப்பாவி உண்டா? கரிகாலனின் நெஞ்சில் எங்கோ லேசாக வலித்தது. பெட்டியை உள்ளே மாட்டிவிட்டு வந்து, பட்டிகளைக் கழற்றிச் சைக்கிளைக் கீழே இறக்கியபோது அந்த வலியும் இறங்கிவிட்டது. கபிரியேல் கையசைத்தார். வண்டி முனையில் திரும்பி மறைந்தது.

அவன் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து சீட்டின் உயரம் சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பைகளோடு ஓர் அம்மா வந்து நின்றார். வெறும் இடத்தைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"தம்பி, இதிலை ஒரு காம்பிங் கார் நிண்டதே?"

"ஓம் அக்கா, இப்பதான் வெளிக்கிட்டது. ஸ்டார்ட் ஆகேல்லையெண்டு பாவம், அந்த மனிசன் வேர்த்து விறுவிறுத்து நிண்டது. சீட்டுக்குக் கீழை ஒளிச்சு வைச்சிருந்த சுவிட்சை நான்தான் கண்டுபிடிச்சுப் போட்டுவிட்டனான்."

அந்த அம்மா பைகளை மெல்லக் கீழே வைத்தார். ஒரு கையால் சைக்கிளின் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கணவனுக்குப் போன் போட்டார்.

"இஞ்சேருங்கோ, கெதியாய் பொலிசைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கடை காம்பிங் காரை ஒருத்தன் கொண்டு போயிட்டான். மற்றவன் எங்கடை சைக்கிளிலை குந்திக்கொண்டு, எப்பிடிக் களவெடுத்தவை எண்டு எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறான்!"