இடது ஓரம்

இடக்கையை முழங்கையோடு வெட்டி எடுத்த பின்பும் குணேஸ்வரி பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தனியாகவே இருந்தார். "ஒரு நாள் போன் எடுக்கலன்னாலும் சுங்கை பூலோவுல எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துருவேன்மா," என்று மகள் பிரேமினி சொல்லியிருந்தாள்.

கைப்பேசிக் கடை லோகன் திரையின் பொத்தான்களையெல்லாம் வலது ஓரத்திற்கு நகர்த்தித் தந்தான். "ஒரு கட்டைவிரல் போதும் ஆன்டி. என்னைவிட நீங்கதான் ஃபாஸ்ட் லா."

மகள் அழைப்பது எப்போதும் மதியச் சாப்பாட்டு வேளையில். திங்களன்று மணி அடித்தபோது வலக்கை குழம்புச் சோற்றில் இருந்தது. அவர் எழுந்து கை கழுவுவதற்குள் மணி நின்றுவிட்டது. உடனே திரும்ப அழைத்தார்.

"இப்பதானேம்மா எடுத்தீங்க. ஏன் பேசாம வெச்சிட்டீங்க?"

திரையில் பொத்தான்கள் அனைத்தும் இடது ஓரத்தில் இருந்தன. குணேஸ்வரி அவற்றை வலப்பக்கம் மாற்றி வைத்தார். செவ்வாயன்றும் அப்படியே நடந்தது. அன்று அவர் எதையும் மாற்றவில்லை.

புதன்கிழமை கைப்பேசியைத் தட்டுக்கு இடப்புறம் வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். மணி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.

"சாப்பிடுறீங்களாம்மா?"

பிரேமினியின் குரல் மேசையிலிருந்து வரவில்லை, இடக்காதோரம் கேட்டது.

குணேஸ்வரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"சாப்பிடுறேன்," என்று சொல்லி, அடுத்த கவளத்தை உருட்டினார்.